பல்ஸ் 54 தான் இருக்கு டாக்டர், ஓடுறத நிறுத்திடவா?

கேள்வி: எனக்கு 41 வயசு, கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். ஒன்றரை வருஷமா வாரத்துல 5 நாள் காலைல கிரவுண்ட்ல ஓடுறேன், ஆரம்பத்துல வெறும் நடைதான், இப்ப 40 நிமிஷம் மெதுவா ஓட முடியுது. பிபி, சுகர் இல்ல. போன வாரம் மாஸ்டர் செக்கப் பண்ணப்ப இசிஜில "சைனஸ் பிராடிகார்டியா"ன்னு எழுதியிருக்காங்க, பல்ஸ் 54. ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்ததுல 78 இருந்துச்சு. தலைசுத்தல், மயக்கம் எதுவும் இல்ல. எங்க அத்தை "ஓடி ஓடி நெஞ்சை தேய்ச்சுட்ட, மனுஷனுக்கு இத்தனை துடிப்புன்னு கணக்கு இருக்கு, சீக்கிரம் தீர்ந்துடும்"னு சொல்றாங்க. நிறுத்திடவா? இன்னொண்ணு, வீட்டுக்காரருக்கு 46 வயசு, ஞாயித்துக்கிழமை மட்டும் என்கூட வந்து ஓடுறேங்கறார். வரலாமா?

பதில்: நிறுத்தாதீங்க டீச்சர். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த ஒரு வரி ரிப்போர்ட்டப் பாத்து பயந்து நல்லா ஓடிட்டு இருந்தவங்க நிறைய பேர் வீட்ல உக்காந்துடறாங்க, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். சைனஸ் பிராடிகார்டியான்னா, துடிப்பு கிளம்ப வேண்டிய இடத்துல இருந்துதான் ஒழுங்கா கிளம்புது, ஆனா நிமிஷத்துக்கு 60க்கு கீழ இருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். உங்கள மாதிரி ஒன்றரை வருஷம் ஓடினவங்களுக்கு, உடம்புல எந்த தொந்தரவும் இல்லாதப்ப, 54ங்கறது நோய் இல்ல, நீங்க ஓடினதுக்கு கிடைச்ச பலன்.

எப்படின்னு சொல்றேன். சும்மா உக்காந்திருக்கும்போது நம்ம உடம்புக்கு நிமிஷத்துக்கு சுமாரா 5 லிட்டர் ரத்தம் வேணும், ஓடினாலும் ஓடாட்டியும் இந்தத் தேவை பெருசா மாறாது. முன்னாடி உங்க இதயம் 78 தடவ துடிச்சு அந்த 5 லிட்டர அனுப்பிச்சு, அப்ப ஒரு துடிப்புக்கு 64 மில்லி. இப்ப 54 துடிப்புலயே அதே 5 லிட்டர் போகுது, அப்ப ஒரு துடிப்புக்கு 90 மில்லிக்கு மேல. சின்ன குடத்த வச்சுக்கிட்டு பத்து நடை நடந்தவங்க பெரிய குடத்தோட ஏழு நடையில தொட்டிய ரொப்பற மாதிரி.

இந்த மாற்றம் ஒரே நாள்ல வர்றதில்ல. ஓட ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரத்துக்குள்ளயே ரத்தத்துல இருக்கற நீர்ப்பகுதி கூடிடும், அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல இதயத்துக்குள்ள வந்து நிறையற ரத்தம் கூடுது. அப்புறம் மாசக்கணக்குல, உடம்புக்கெல்லாம் ரத்தத்த அனுப்பற இதயத்தோட இடது கீழறை கொஞ்சம் விரியும், சுவரும் அதுக்குத் தகுந்தாப்ல லேசா கனம் கூடும். பிபி ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கும் சுவர் தடிக்கும், ஆனா அங்க பல பேருக்கு உள்ள இருக்கற அறை விரியாம சுவர் மட்டும் தடிச்சு விறைச்சுப் போகும், அது வேற கதை, ரெண்டையும் போட்டு குழப்பிக்க வேண்டாம். இதோட, துடிப்ப மெதுவாக்கற வேகஸ்ங்கற நரம்போட பிடி ஓய்வு நேரத்துல இறுகும், துடிப்ப கிளப்புற செல்களும் தன் வேகத்த தானே குறைச்சுக்கும். ரத்தக்குழாயோட உள்பக்கம் நைட்ரிக் ஆக்ஸைட நல்லா சுரக்கறதால குழாய் சுலபமா விரிஞ்சு கொடுக்கும், பிபி இல்லாதவங்களுக்கே ஒண்ணு ரெண்டு பாயிண்ட் இறங்கும்.

உங்க பயம் புதுசும் இல்ல. 1899ல ஸ்வீடன்ல ஹென்ஷென்னு ஒரு டாக்டர் பனிச்சறுக்கு வீரர்களோட நெஞ்ச விரலால தட்டியே பாத்து, இவங்களுக்கு இதயம் பெருசா இருக்குன்னு எழுதினார். அவரே இந்த இதயம் கூடுதல் வேலை செய்யக்கூடியதுன்னுதான் சொன்னார், ஆனாலும் இது நோயோங்கற சந்தேகம் டாக்டர்கள் மத்தியிலயே ரொம்ப காலம் இருந்துச்சு.

அத்தை சொன்ன கணக்குக்கு வர்றேன். அப்படி ஒரு கோட்டா யாருக்கும் கிடையாது, அவங்க வழிக்கே போய் கணக்கு போட்டாலும் நீங்கதான் ஜெயிக்கறீங்க. நாள் முழுக்க 78ன்னு வச்சா 1,12,320 துடிப்பு. இப்ப 40 நிமிஷம் 145ல ஓடினா 5,800, மிச்சம் இருக்கற 1,400 நிமிஷத்துக்கு 54ன்னா 75,600, ஆக மொத்தம் 81,400. நடமாடும்போது பல்ஸ் ஏறும்தான், அது ரெண்டு கணக்குலயும் சேரணும், ஆனாலும் ஓடின நாள்லயே 30,000 கிட்ட மிச்சமாகுது பாருங்க.

நிறுத்தினா என்ன ஆகும்னு 1966ல அமெரிக்காவுல டல்லாஸ்ல பாத்திருக்காங்க. 20 வயசு பசங்க 5 பேர மூணு வாரம் படுக்கையிலயே வச்சாங்க, உடம்பு உச்சத்துல எடுத்துக்கற ஆக்ஸிஜன் அளவு கால் பங்குக்கு மேல குறைஞ்சு போச்சு. 30 வருஷம் கழிச்சு அதே 5 பேர திரும்ப கூப்பிட்டு பாத்தப்ப, 30 வருஷ வயசு பண்ணின சேதத்த விட அந்த மூணு வார படுக்கை பண்ணின சேதம்தான் பெருசா இருந்துச்சு! மாணவர்களுக்கு இதச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கும். அப்புறம் ஆறு மாசம் மெதுவா பயிற்சி குடுத்ததுல அந்த 50 வயசுக்காரங்க இழந்தத திரும்ப பிடிச்சாங்க.

உங்க வயசுக்கு நெருக்கமா இன்னொரு ஆய்வு 2018ல வந்துச்சு. 45லிருந்து 64 வயசு வரைக்கும், உடற்பயிற்சியே பண்ணாத ஆரோக்கியமானவங்கள ரெண்டு வருஷம் வாரத்துக்கு 4, 5 நாள் பயிற்சி செய்ய வச்சாங்க, நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்கற அளவு வேகமும் உண்டு. வயசாக ஆக இடது கீழறை விறைச்சுப் போகும்ல, அந்த விறைப்பு இவங்களுக்கு குறைஞ்சுது. யோகாவும் லேசான வெயிட்டும் மட்டும் பண்ணின குழுவுக்கு அது குறையல. யோகாவ விட்டுடுங்கன்னு சொல்லல, ஓட்டத்துக்கு பதிலா அத வச்சுக்காதீங்கன்னு சொல்றேன்.

ஆனா எல்லா 54ம் நல்ல 54 இல்ல, அதையும் சொல்லணும். தைராய்டு குறைவா இருந்தாலும் பல்ஸ் இறங்கும், 40 வயசுப் பெண்களுக்கு இது சாதாரணமா வர்றது, அதனால சோர்வு, எடை ஏறறது, மலச்சிக்கல்னு ஏதாவது இருக்கோ இல்லையோ டிஎஸ்ஹெச்னு தைராய்டுக்கான ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ஒத்தத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ ப்ரொப்ரானலால் மாதிரி மாத்திரை சாப்பிடறீங்களான்னும் பாருங்க, அதுவும் துடிப்ப குறைக்கும். வாட்ச் காட்டறத மட்டும் நம்பாம, காலைல எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி படுத்தபடியே மணிக்கட்டுல விரல வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. ஓடி முடிச்ச உடனேயும் எண்ணுங்க, 130, 140ன்னு தாராளமா ஏறியிருந்தா அந்த 54 பத்தி கவலையே வேண்டாம். ஏற வேண்டிய நேரத்துல ஏறாம நின்னாலோ, கண்ணு இருட்டிக்கிட்டு வந்தாலோ, மயக்கம் போட்டாலோ, முன்ன ஓடின தூரத்துக்கே இப்ப மூச்சு வாங்கினாலோ, அப்ப ஹார்ட் டாக்டர உடனே பாத்துடணும். குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருந்தா, தொந்தரவு எதுவும் இல்லாட்டியும் எக்கோன்னு இதயத்துக்கான ஸ்கேன் ஒண்ணு எடுத்து பாத்துக்கறது நல்லது.

வீட்டுக்காரர் விஷயத்துலதான் எனக்கு உங்கள விட கவலை ஜாஸ்தி. 1993ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, வாரத்துக்கு ஒரு தடவ கூட பயிற்சி பண்ணாதவங்க திடீர்னு கடுமையா மூச்சு முட்ட வேலை செஞ்சா அந்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு வாய்ப்பு 100 மடங்குக்கு மேல ஏறுச்சு, வாரத்துக்கு 5 தடவையோ அதுக்கு மேலயோ பண்றவங்களுக்கு ரெண்டரை மடங்கு கிட்டதான். ஒரு மணி நேரத்துக்கான வாய்ப்புங்கறது அடிப்படையில ரொம்ப சின்ன எண், அதனால அலற வேண்டாம், ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து உங்க வேகத்துக்கு ஓடறது மட்டும் கூடவே கூடாது. முதல்ல பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பாக்கட்டும், சிகரெட் இருந்தா விடட்டும், பிறகு தினமும் 30 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல ரெண்டு மூணு மாசம் நடக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் அப்படி நடந்தாலே உலக சுகாதார நிறுவனம் சொல்ற குறைஞ்சபட்ச அளவு வந்துடுது. அதுக்கப்புறம் நடுநடுவுல ஒவ்வொரு நிமிஷமா ஓடிப் பழகிக்கலாம். நடக்கும்போது நெஞ்சுல அழுத்தமோ, தாடை, இடது கை பக்கம் வலியோ வந்தா அங்கயே நின்னுடணும், கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுட்டு மறுபடி கிளம்பக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு. காய்ச்சலோ உடம்பு வலியோ இருக்கற நாள்ல ஓடாதீங்க, வைரஸ் சில நேரம் இதயத் தசையையும் தொட்டுடும், அப்ப ஓடறது ஆபத்து. காய்ச்சல் விட்டு சாப்பாடு, தூக்கம் எல்லாம் பழையபடி ஆனதும் ரெண்டு நாள் நடந்து பாத்துட்டு கிரவுண்டுக்குப் போங்க.