ஃபோர்ட்வென்டி

வணக்கம் ஐயா,

ஏமாற்றுக்காரனை ‘ஃபோர்ட்வென்டி’ என்கிறோம். அது சட்டப்பிரிவு எண் என்பது தெரியும். அந்தச் சட்டமே போய்விட்டதே, இனி இந்தச் சொல் என்னாகும்? இன்னொன்று. என் உறவினரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கியவர் தராமல் இழுத்தடிக்கிறார். அவர்மேல் ‘420 போடலாம்’ என்கிறார்கள். கடனைத் திருப்பித் தராதவனும் ஃபோர்ட்வென்டிதானா?

– ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல் எங்கும் போகாது. 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 358தான். அதனால் 420 என்ற எண்ணே அதில் இல்லை. வேறு குற்றம் எதுவும் அந்தப் பெயருக்குப் போட்டியாக வரவில்லை. 302க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கொலை 103க்குப் போய்விட்டது, புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. பழைய 420இன் சரக்கு இப்போது 318(4)இல் இருக்கிறது. ‘அவன் சரியான முந்நூத்திப் பதினெட்டு’ என்று யாராவது திட்டுவார்களா என்ன! மேலும், 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் நீதிமன்றத் தாள்களிலும் 420 இன்னும் பல ஆண்டுகள் புழங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் அதே எண்தான். இலங்கையில் அதே குற்றம் 403. (நைஜீரிய மோசடிக்கு வழங்கும் 419 அந்நாட்டுச் சட்டப்பிரிவு. நம் 420க்குப் பக்கத்தில் வந்தது தற்செயல்.)

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். பேச்சில் 420 எல்லாப் பித்தலாட்டத்துக்கும் பொது. சட்டத்தில் அது குறுகலானது: பொய்யால் ஒருவரை நம்பவைத்து, அந்த நம்பிக்கையில் அவர் பணத்தையோ பொருளையோ கொடுக்கும்படி செய்ய வேண்டும். ஏமாற்றும் எண்ணம் பணம் கை மாறும் நேரத்திலேயே இருந்திருக்க வேண்டும். பழைய சட்டம் இதற்கு அவுரிச்செடியை உதாரணம் காட்டியது. அவுரி தரும் எண்ணமே இல்லாமல் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கினால் மோசடி. தரும் எண்ணத்தோடு வாங்கிப் பிறகு பேச்சு மாறினால் அது ஒப்பந்த மீறல், சிவில் வழக்குதான். கடனுக்கும் இதே அளவுகோல். தொழில் நொடித்துத் தர முடியாதவன் கடன்காரன், அவ்வளவே. இல்லாத நிலத்தின் பத்திரத்தைக் காட்டி வாங்கியவன் ஃபோர்ட்வென்டி.

புகார்கள் பெரும்பாலும் எழுதும் விதத்திலேயே படுத்துவிடுகின்றன. ‘வாங்கினான், தரவில்லை, கேட்டால் மிரட்டுகிறான்’ என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். அதைப் படிக்கும் ஆய்வாளர் ‘சிவில் மேட்டர்’ என்று முடித்துவிடுவார்; அதில் தவறும் இல்லை. எழுத வேண்டியது வேறு: என்ன சொல்லிப் பணம் கேட்டார், அது அன்றைக்கே பொய் என்பதற்கு என்ன ஆதாரம், அதை நம்பி எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போனது. அந்த நாளுக்கு முந்தைய வாட்ஸ்அப் செய்திகள்தான் இங்கே தங்கம். பிந்தையவை பெரும்பாலும் ‘நாளைக்குத் தர்றேன்’ வகை. அவை கடனை நிரூபிக்கும், மோசடியை நிரூபிக்காது.

கடனை வசூலிக்க 420ஐ மிரட்டலாகப் பயன்படுத்துவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிவில் தகராறுக்குக் குற்றவழக்கு முலாம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. அப்படிப்பட்ட வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்துகொண்டும் இருக்கின்றன.

இதற்குள் காலக்கெடு கடந்துவிடுவதுதான் பெரிய நஷ்டம். கைமாற்றுக் கடனுக்குச் சிவில் வழக்குப் போடப் பொதுவாகக் கடன் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். இடையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்து கையெழுத்திட்டிருந்தால் அங்கிருந்து புதிதாக 3 ஆண்டு. காசோலை வாங்கி அது திரும்பியிருந்தால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. உங்கள் உறவினர் காவல் நிலையத்துக்குப் போகும் முன் கடன் கொடுத்த தேதியைப் பார்க்கட்டும்.