கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் நம் கமெண்டையா படிக்கப்போகிறார்?

கேள்வி: என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கால்பந்து என்றால் உயிர். அதிலும் லண்டன் கிளப்பான ஆர்சனல் மேட்ச் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ராத்திரி கண் விழிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அணி தோற்றுவிட்டால் அந்த வீரர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய் வாய்க்கு வந்தபடி எழுதுகிறான். போன வாரம் தற்செயலாகப் பார்த்து அதிர்ந்துபோனேன். வீட்டில் ஒருநாளும் அவன் வாயில் வராத வார்த்தைகள். கேட்டால், "வாரத்துக்குக் கோடிக்கணக்குல வாங்குறாங்க, லட்சம் கமெண்ட்ல என்னுதையா படிக்கப்போறாங்க? விமர்சனத்தைத் தாங்க முடியலைன்னா எதுக்கு விளையாட வரணும்?" என்கிறான். உண்மையிலேயே அவர்கள் இதையெல்லாம் படிக்கிறார்களா? எப்படித் தாங்குகிறார்கள்? இவனிடம் நான் என்ன சொல்வது? எழுதியதை அழித்துவிட்டால் போதுமா?
- ஒரு தாய், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

படிக்கிறார்கள். எல்லாவற்றையும் இல்லை என்றாலும், உங்கள் மகன் நினைப்பதைவிட அதிகமாகவே படிக்கிறார்கள். அவர்களும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்தானே. போனைக் கையிலெடுக்காமல் இருக்க அவர்களாலும் முடிவதில்லை.

அவனுக்குப் பிடித்த அணியிலிருந்தே சொல்கிறேன். 2021 ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி மைதானம், யூரோ கோப்பை இறுதிப்போட்டி. இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1 என்று சமநிலையில் நிற்க, ஆளுக்கொரு உதை அடித்து வெற்றியை முடிவுசெய்யும் பெனால்டி ஷூட்-அவுட்டுக்கு ஆட்டம் போனது. இங்கிலாந்தின் மார்கஸ் ராஷ்ஃபோர்டு அடித்த பந்து கம்பத்தில் பட்டது. ஜேடன் சாஞ்சோ அடித்ததை இத்தாலி கீப்பர் டொன்னரும்மா தடுத்தார். கடைசி வாய்ப்பு ஆர்சனல் வீரர் புகாயோ சாக்காவுக்கு. அப்போது அவருக்கு வயது 19. அதுவும் தடுக்கப்பட்டது. மூவரும் கறுப்பினத்தவர்கள். அன்று இரவே அவர்களுடைய பக்கங்களில் குரங்கு எமோஜிகளும் இனவெறி வசவுகளும் கொட்ட ஆரம்பித்தன.

நான்கு நாள் கழித்து சாக்கா ஓர் அறிக்கை வெளியிட்டார். எப்படிப்பட்ட வெறுப்பு தன்னைத் தேடி வரப்போகிறது என்பது தனக்கு உடனேயே தெரிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தார். கோப்பை கைவிட்டுப்போன துக்கத்தை முழுதாக அழுது தீர்ப்பதற்குள், போனில் என்னவெல்லாம் வரும் என்ற நினைப்பும் அந்தப் பையனுக்கு வந்து நிற்கிறது. இந்தச் செய்திகள் வேறெந்தக் குழந்தைக்கும் பெரியவருக்கும் வரக்கூடாது என்றும், இன்ஸ்டாகிராம், ட்விட்டர், ஃபேஸ்புக் நிறுவனங்கள் இதைத் தடுக்கப் போதுமான அளவு எதையும் செய்யவில்லை என்றும் பெயர் சொல்லியே எழுதினார்.

உங்கள் மகன் 'விமர்சனம்' என்கிறானே, அந்த இறுதிப்போட்டியில் விமர்சிக்க நிறையவே இருந்தது. ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில்தான் களமிறக்கினார்கள். பந்தில் காலை வைத்துப் பழகக்கூட நேரமில்லாமல் நேரே பெனால்டி அடிக்கப் போனார்கள். ஐந்தாவது பெனால்டியை 19 வயதுப் பையனிடம் கொடுத்தது சரியா? பயிற்சியாளர் கேரத் சவுத்கேட்டைப் பார்த்து எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுத்தது தான்தான், பொறுப்பும் தன்னுடையதே என்று அவரும் சொன்னார். 1996 யூரோ அரையிறுதியில், அதே வெம்ப்ளியில், பெனால்டியைக் கோட்டைவிட்டவர் அவர். அந்த வலி அவருக்குத் தெரியும். ஆகவே ஆட்டத்தைப் பற்றித் திட்டட்டும், தப்பே இல்லை. தோலின் நிறத்தையும் தாயையும் பிள்ளையையும் இழுத்தால் அதற்குப் பெயர் விமர்சனம் கிடையாது.

பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. 2025 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ஆர்சனல் பெனால்டியில் தோற்றது உங்கள் மகனுக்கு நன்றாக நினைவிருக்கும். தவறவிட்டவர் காய் ஹவெர்ட்ஸ். அவருடைய மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார். அந்தப் பெண்ணின் இன்பாக்ஸுக்கு, வயிற்றிலிருந்த குழந்தையைக் குறிவைத்து மிரட்டல்கள் வந்தன. அவற்றை அவர் அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெளியிட்டார். காவல்துறை விசாரித்துக் கைது செய்தது ஒரு 17 வயதுப் பையனை. உங்கள் மகனைவிடச் சின்னவன். 'படிக்கமாட்டார்கள்' என்ற வாதத்தில் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வீரர் போனை அணைத்து வைத்திருந்தால்கூட அவர் மனைவி படிக்கிறார், அம்மா படிக்கிறார், பள்ளிக்கூடம் போகும் தம்பி படிக்கிறான்.

சரி, எப்படித் தாங்குகிறார்கள்? 'தோல் தடித்துவிடும், பழகிவிடும்' என்று டிவியில் முன்னாள் வீரர்கள் பேசுவதை நான் நம்புவதில்லை. பழகிப்போனவர்கள் ஏன் ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள்? பிரான்சுக்கும் ஆர்சனலுக்கும் கோல் மழை பொழிந்த தியரி ஆன்றி, ஓய்வுபெற்றுப் பல ஆண்டு கழிந்தபின், 2021 மார்ச்சில் சமூக ஊடகத்தைவிட்டே விலகினார். அதற்கடுத்த மாதக் கடைசியில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகள் சேர்ந்து நான்கு நாள் சமூக ஊடகப் புறக்கணிப்பு நடத்தின. ஜூலையில் சாக்காவுக்கு நடந்ததைப் பார்த்தால் அதன் பலன் தெரியும். 2025 பெண்கள் யூரோ கோப்பையில் இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் ஜெஸ் கார்ட்டர் இனவெறித் தாக்குதலுக்கு ஆளானார். தொடரின் நடுவிலேயே, இனி என் கணக்கை ஒரு குழு பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஒதுங்கினார். இறுதிப்போட்டிக்கான அணியை அறிவித்தபோது முதல்முறையாக விளையாடவே பயமாக இருந்தது என்று பின்னர் அவரே சொன்னார். எதிரணியை நினைத்து வந்த பயம் இல்லை அது. அந்தப் போட்டியில் ஆடி, கோப்பையையும் வென்றார்.

ஆக, பெரும்பாலானோர் செய்வது இதுதான்: போனுக்கும் தனக்கும் நடுவில் இன்னொருவரை நிறுத்திவிடுவது. பல நட்சத்திரங்களின் பக்கங்களை அவர்களுடைய முகவர் நிறுவனமோ ஊடக உதவியாளரோதான் நடத்துகிறார். சொற்களையும் எமோஜிகளையும் பட்டியல் போட்டுக் கொடுத்தால், அவை உள்ள செய்திகளைத் தனியே ஒதுக்கிவிடும் வசதியை 2021இல் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்தது. 2022 உலகக் கோப்பையில் இந்த வேலையைச் செய்ய உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவே ஒரு பாதுகாப்புச் சேவையைத் தொடங்கியது. அந்த ஒரே தொடரில் 2 கோடி பதிவுகளையும் கமெண்டுகளையும் அலசி, 19,000க்கும் மேற்பட்டவை வசவு என்று உறுதிசெய்தார்கள். தனி ஆளாக ஒரு வீரர் இதைச் சமாளிப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

ஆனால் வடிகட்டி கண்ணை மறைக்குமே தவிர காயத்தை ஆற்றாது. அதற்கு மனிதர்கள்தான் வேண்டியிருக்கிறது. சாக்கா விடுமுறை முடிந்து ஆர்சனலின் பயிற்சி மைதானத்துக்குத் திரும்பியபோது, அங்கே ஒரு சுவர் முழுக்க அவருக்கு வந்த கடிதங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். பாதி சின்னப் பிள்ளைகள் எழுதியவை மாதிரி இருந்தன. நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஜென்ம விரோதிகளான டாட்டன்ஹாம் ரசிகர்கள்கூட, வட லண்டன் உன் பக்கம் நிற்கிறது என்று மைதானத்தில் பதாகை பிடித்தார்கள். (டாட்டன்ஹாம்காரர் ஆர்சனல்காரருக்குப் பதாகை பிடித்தார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் விளக்குவான்.) மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை யாரோ கிறுக்கிப் பாழாக்கினார்கள். அக்கம்பக்கத்தார் அந்த இடத்தைக் காகித இதயங்களாலும் சிறு குறிப்புகளாலும் மூடிவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2024 யூரோ காலிறுதியில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிராகச் சமன்செய்யும் கோலை அடித்தவர் சாக்காதான். ஷூட்-அவுட் வந்தது. மறுபடியும் பெனால்டி அடிக்கப் போனார். அடித்தார்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் லிவர்பூல் கீப்பர் லோரிஸ் கேரியஸ் செய்த இரண்டு தவறுகளால் ரியல் மாட்ரிட் 3-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பக்கம் போய் அழுதுகொண்டே கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அன்றிரவே கொலை மிரட்டல்கள் வந்தன. சில நாட்களில், ஆட்டத்தின்போது ரியல் வீரர் ஒருவர் மோதியதில் அவர் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று அமெரிக்காவில் பரிசோதித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அதையும் சாக்குப்போக்கு என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு லிவர்பூலுக்காக ஒரு முறையான போட்டியில்கூட அவர் ஆடவில்லை. முழுக்க வசவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு நல்ல கீப்பர் வந்துவிட்டார், அதுவும் உண்மை. ஆனால் சாக்காவைத் தாங்கிய கைகளில் பாதிகூட கேரியஸுக்கு இருக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒரே வார்த்தை: அது ஆடுவதற்குக் கொடுப்பது. திட்டு வாங்குவதற்கான படி அதில் சேர்த்தி இல்லை.

இனி உங்கள் மகன். தூரத்திலிருந்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்றும் அவன் நினைத்திருக்கலாம். 2021 இறுதிப்போட்டிக்குப் பிறகு இங்கிலாந்துக் காவல்துறை 207 பதிவுகள் குற்றத்தன்மை உடையவை என்று முடிவு செய்தது. அவற்றை எழுதிய கணக்குகளில் 34 உள்நாட்டைச் சேர்ந்தவை, 123 வெளிநாட்டவருடையவை என்று கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டு விவரங்கள் அந்தந்த நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. உள்நாட்டில் 11 பேர் கைதானார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். அப்போது ட்விட்டர் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 சதவீதம் பேர் அடையாளம் காணக்கூடியவர்களாகவே இருந்தார்கள். இதைச் சொல்லுங்கள், ஆனால் பயமுறுத்துவதற்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். பயந்தவன் இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்குவான்.

போனைப் பிடுங்க வேண்டாம். கொஞ்சம் துருவிப் பாருங்கள்: நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டஸி லீக்கில் கேப்டனாகப் போட்ட ஆள் கோல் அடிக்காததால் வரும் கோபமா, இல்லை நண்பர்களுடன் பணம் கட்டித் தோற்கிறானா? பணம் என்றால் அது வேறு பேச்சு, முதலில் அதைப் பேசித் தீர்க்க வேண்டும். வெறும் ஆட்டக் கோபம் என்றால் கவலை குறைவு. அடுத்த தோல்வியன்று, "எங்கடா தப்பு நடந்தது, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். யார் எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், யாரை எப்போது மாற்றியிருக்க வேண்டும் என்று கொட்டுவான். அதை எழுதச் சொல்லுங்கள். அந்த அளவு ஆட்டம் தெரிந்த பையன் வெறும் வசவில் போய் நிற்பது எனக்கு வருத்தம்தான்.

அழித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அழிக்கட்டும், நீங்கள் அழிக்காதீர்கள். அவனே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அழிக்க வேண்டும். யாருடைய மனைவிக்கோ, தாய்க்கோ நேரடியாக ஏதாவது அனுப்பியிருந்தால் அதை முதலில் எடுக்கட்டும், கூடவே இரண்டு வரி மன்னிப்பும் எழுதட்டும். பதில் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை.