ஆறுதலாக ஓடுங்கள், தங்கச்சி

கேள்வி: எனக்கு 37 வயது. திருகோணமலை நகரில் ஒரு வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். போன வருடக் கடைசியில் நடக்கத் தொடங்கி, இப்போது கிழமைக்கு மூன்று நாள் உவர்மலைப் பக்கம் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். 33 நிமிடம் பிடிக்கிறது. ஒக்டோபர் நடுப்பகுதியில் கொழும்பில் ஒரு அரை மரதன் இருக்கிறது. அதற்கு எங்கள் கிளையில் நாலு பேர் பெயர் கொடுக்க நினைத்திருக்கிறோம். ஒத்திகை மாதிரி போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு நிலாவெளி வீதியில் 12 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். வழக்கமான வேகத்தில்தான் தொடங்கினேன். எட்டாவது கிலோமீட்டரில் தலை சுற்றியது, மிச்சத்தை நடந்தே முடித்தேன். மூன்று நாளாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகிறது. "பொம்பிளைக்கு இது தேவையா?" என்று மாமி கேட்கிறா. என் உடம்புக்கு 21 கிலோமீட்டர் சரிவராதா?
– வாசகி, திருகோணமலை

பதில்: சரிவரும், தங்கச்சி. 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடுகிற ஆளுக்கு, கையில் 18 கிழமை இருக்கும்போது அரை மரதன் எட்டாத தூரம் இல்லை. ஆனால் முதலில் அந்தக் காலைப் பார்ப்போம்.

ஒரு விரலால் முன்னெலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு போங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக நோகிறது, நடக்க நடக்கக் குறைகிறது என்றால், பழகாத தூரத்தை ஓடியதால் வந்த சாதாரண நோ. ஒரு கிழமை ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிள் ஓடுங்கள் அல்லது நடவுங்கள். பெரும்பாலும் இறங்கிவிடும். மாறாக, ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்ததும் துள்ளுகிறது, படுத்திருக்கும்போதும் நோகிறது என்றால் எலும்பில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழத் தொடங்கியிருக்கலாம். அதற்கு வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், ஆகவே "படத்தில் ஒன்றும் இல்லை" என்றதும் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். போகிற கையோடு இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் வருகிற வயதில் தூர ஓட்டம் தொடங்கும் பல பெண்களுக்கு, காரணம் தெரியாத களைப்பின் காரணம் அங்கேதான் இருக்கிறது. நோக்குளிசை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். நோவை மறைத்து எலும்பைக் கெடுக்கும், வெயிலில் நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கதை. 12 கிலோமீட்டர் உங்களுக்குக் கூடத்தான். ஆனால் உங்களை விழுத்தியது, 5 கிலோமீட்டரின் வேகத்தை 12க்குக் கொண்டுபோனது. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்பது உங்களுக்கு மூச்சுப் பிடித்து ஓடுகிற வேகம். அதை நீங்கள் சாதாரண வேகம் என்று நினைத்திருக்கிறீர்கள். புதிதாக ஓடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான். கையில் மணிக்கூடு, காதில் பாட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை.

நெடுந்தூரப் பயிற்சியில் முக்கால்வாசிக்கு மேல் கதைத்துக்கொண்டு ஓடுகிற வேகத்தில் போக வேண்டும். முழு வசனமாகக் கதைக்க வேண்டும், "ம்", "ஓம்" கணக்கில் இல்லை. தனியாக ஓடினால் தெரிந்த தேவாரத்தில் இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடமாக இருக்கும், சில நாள் எட்டரை. பக்கத்தில் ஒரு ஐயா வேகமாக நடந்து உங்களை முந்துவார். முந்தட்டும்.

இதில் என்ன லாபம்? இதயமும் மூச்சும் சில கிழமைகளிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கு எடுக்கும். அதனால்தான் "மூச்சு வாங்கவே இல்லை, கால் மட்டும் போய்விட்டது" என்று பலர் சொல்கிறார்கள். ஆறுதலான ஓட்டம் பின்தங்கி வருகிற எலும்புக்கு அவகாசம் கொடுக்கிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், உடம்பு கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கப் பழகுவதும் இந்த வேகத்தில்தான் வடிவாக நடக்கும். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை அறுபது வருடத்துக்கு முன்பே செய்து காட்டினார். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெலின் முக்கிய போட்டி வெறும் 800 மீட்டர், இரண்டு நிமிடம்கூட இல்லை. அவரையும் ஞாயிறு தோறும் ஓக்லாந்து மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். ஸ்னெல் 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும் 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அதில் தங்கம் வென்றார். இரண்டு நிமிடப் போட்டிக்கே நீண்ட ஓட்டம் அவ்வளவு உதவியது என்றால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடப் போகிற உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஓடி நடந்து ஓடுவதும் குற்றமில்லை. அமெரிக்கரான ஜெஃப் கலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பது போன்ற முறையைப் புதியவர்களிடம் பரப்பியவரே அவர்தான். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே கணக்காக நடப்பது வேறு. இரண்டாவதைச் செய்யுங்கள்.

அடுத்தது கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சூடான காற்று. உங்கள் பயிற்சி கிட்டத்தட்ட முழுவதும் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை, நம் ஊரின் கொதிக்கிற மாதங்களில் விழுகிறது. வெயிலில் ஓடும்போது இரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது, தசைக்குப் போவது குறைகிறது, இதயம் கூட அடிக்கிறது. அதே வேகம், இரட்டிப்புப் பாடு. கச்சான் வறண்ட காற்று என்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். "இன்றைக்கு வியர்க்கவே இல்லை" என்று நினைப்பீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் உடுப்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். நிலாவெளி வீதியில் இன்னொரு வில்லங்கம்: வடக்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும், "இன்றைக்குப் பறக்கிறேன்" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், வெயிலும் ஏறியிருக்கும். எட்டாவது கிலோமீட்டரில் உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். இந்த மாதங்களில் மணிக்கூட்டு வேகத்தை மறந்துவிடுங்கள். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் பெரும்பகுதியை முடியுங்கள்.

அந்த நேரம் இருட்டு. பெண் ஒருத்தி தனியாக அந்த வீதியில் ஓடுவதை நான் சொல்ல மாட்டேன். கிளையில் நாலு பேர் என்கிறீர்களே, நீண்ட ஓட்டத்துக்கு நாலு பேரும் சேருங்கள். கதைக்கவும் ஆள் கிடைத்த மாதிரி. வெளிர் நிற உடுப்பு, தலையில் அல்லது கையில் ஒரு சின்ன லைட், வீதியின் வலப்பக்கம், வாகனத்தைப் பார்த்தபடி. ஓட்டோக்காரர் உங்களைக் காண்பார், வீதியில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாட்டை நீங்கள்தான் காண வேண்டும். நாய் குலைத்தால் ஓடாமல் நடவுங்கள், நடக்கிறவரை அது துரத்துவது குறைவு. கிழமை நாட்களின் குறுகிய ஓட்டத்துக்கு கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற பாதை நல்லது. நிழல் இருக்கிறது, சின்ன ஏற்றம் இருக்கிறது, மான்கள் குறுக்கே வந்தால் வழிவிடுங்கள். டச்சுக் குடாக் கடற்கரை மணல் பார்க்க ஆசையாக இருக்கும். கால் புதைகிற மணல் குதிகால் தசைநாரைப் பிடித்து இழுக்கும், அலை அடித்து இறுகிய ஓரம் சரிவு என்பதால் ஒரு காலுக்கே பாரம் ஏறும். முன்னெலும்பு நோகிற காலத்தில் அங்கே நடை மட்டும்.

தூரக் கணக்கு இது. கால் தேறியதும், செவ்வாயும் வியாழனும் 4, 5 கிலோமீட்டர், போகப் போக 7 வரை. ஞாயிறு நீண்ட ஓட்டம்: 6, 7, 8 என்று மூன்று கிழமை, நாலாவது கிழமை மறுபடி 6. அப்புறம் 9, 10, 11, இறங்கி 8. அப்புறம் 12, 13, 14, இறங்கி 10. பிறகு 15, 16, 18. கடைசி இரண்டு ஞாயிறு 12, 8. அதற்கடுத்தது போட்டி. கால் ஆற ஒரு கிழமை போனால் முதல் 6ஐ விட்டுவிட்டு 7இல் தொடங்கலாம். 21ஐப் பயிற்சியில் ஓடிப் பார்க்கத் தேவையில்லை, 18 ஓடின கால் போட்டி நாளில் மிச்சத்தையும் ஓடும். இறங்குகிற கிழமையைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும், ஏனென்றால் அப்போதுதான் உடம்பு நன்றாக இருக்கும். அது ஓய்வு கொடுத்ததால் வந்த நன்மை. தவறிய ஓட்டத்தை அடுத்த நாளில் சேர்த்து ஓடவும் வேண்டாம், போனது போனதுதான்.

வெள்ளி விரதம் பிடிப்பவர் என்றால் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கு வைக்காதீர்கள். அதனால்தான் ஞாயிறு என்றேன். சனி இரவு சோறோ இடியப்பமோ வயிறாறச் சாப்பிடுங்கள். விடிய இரண்டு கதலிப்பழம், பிளேன் ரீ காணும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிற ஓட்டத்தில் இடையிடையே பேரீச்சம்பழம். தண்ணீர் தாகத்துக்கு ஏற்ப, ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்தால் பக்கற்றில் சொன்ன அளவில். பயத்தில் லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும்.

மாமியின் கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஞாயிறு காலை பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை வீட்டுக்காரரோடு முதலே கதைத்துத் தீருங்கள். அது தீர்ந்தால் அந்தக் கேள்வியில் பாதி போய்விடும்.

காசு கட்டும் முன் ஏற்பாட்டாளர்களிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்றால் உங்களுக்கு 2 மணி 50 நிமிடம் ஆகும். எல்லை 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்றால் பெயரைக் கொடுங்கள். அதற்குக் குறைவு என்றால் இந்த முறை 10 கிலோமீட்டருக்குப் பதிந்துவிட்டு, 21ஐ அடுத்த வருடத்துக்கு வையுங்கள்.