ஒரு கையில் மட்டும் கிளவுஸ்: வீடியோ போலி இல்லை

ஒரு சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டு நிற்கும் வீடியோவைப் போலி என்கிறார்கள். அதில் எடிட்டிங் எதுவும் இல்லை. ஒற்றைக் கிளவுஸோடு நிற்பவர் குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன். 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. (பல வகைச் சண்டைக் கலைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டி) அது.

கிளவுஸ் போடுவது அன்றைக்குக் கட்டாயம் இல்லை. ஜாப் (கையை நேராக நீட்டி அடிக்கும் வேகக் குத்து) அடிக்கும் இடது கையைக் காப்பாற்றிக்கொண்டு, பிடிக்க வலது கையைச் சும்மா விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. பாவம், பிரயோஜனப்படவில்லை. வெள்ளை கி உடுப்பில் (ஜூடோக்காரர்கள் போடுவது போன்ற உடை) வந்த ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததும், ஒரு குத்துகூடச் சரியாக விழாமலே தரையைத் தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அதே இரவின் முதல் சண்டையைப் பாருங்கள். ஜெரார்ட் கோர்டோவும் டெய்லா டுலியும் மோதியது. 26 விநாடிதான். கையில் பெரிய கிளவுஸ் இருக்காது, எடைப்பிரிவும் கிடையாது. டுலியின் பல் பறப்பது தெரியும்.

ஒன்று மட்டும்: இன்றைய விதிகளை வைத்து இதை அளக்காதீர்கள். கிளவுஸ் கட்டாயமானதே 1997-இல், யூ.எஃப்.சி. 14-இல்தான்.