வராத பொதிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஈபே ஏலத்தில் எடுத்த பழைய கமரா இன்னும் வரவில்லை, சொன்ன திகதி தாண்டி இரண்டு கிழமை. விற்றவரோ, "தபாலில் போட்ட ரசீது இருக்கிறது, இனி என் பொறுப்பில்லை" என்கிறார். சரியா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: விட்டுவிடாதீர்கள். எங்கள் இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், பொதியைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தாலே பொதுவாக வாங்கியவரிடம் கொடுத்த மாதிரித்தான், ஆனால் ஈபேயில் விற்பவர் அந்தத் தளத்தின் விதிக்குக் கட்டுப்பட்டவர், அங்கே தபாலில் போட்ட ரசீது மட்டும் போதாது, பொதி உங்கள் முகவரிக்கு வந்து சேர்ந்ததாகக் கண்காணிப்பு இலக்கம் காட்டவேண்டும். வருமென்று சொன்ன கடைசித் திகதியிலிருந்து 30 நாளுக்குள் ஈபே தளத்திலேயே முறையிடவேண்டும். "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்பதை நம்பி அந்த நாளைத் தவறவிட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இன்றைக்கே முறையிடுங்கள். 3 வேலை நாளில் விற்றவர் தீர்க்காவிட்டால் ஈபேயையே தலையிடக் கேளுங்கள். ஆனால் தளத்துக்கு வெளியே காசு அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.