பனித்தரையில் முதல் அடி: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையில் பனித்தளம் இல்லை. ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். ஸ்கேற்றிங் பழகுவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் வயது 58. மார்கழியில் ஸ்காபரோவிலுள்ள மகளிடம் போகிறேன். ஸ்கேற்றிங் பழகும் பேத்தி, "அம்மம்மா, நீங்களும் வாங்கோ" என்கிறாள். இந்த வயதில் பழகலாமா? இங்கேயே ஏதாவது பயிற்சி செய்துகொண்டு போகலாமா? – வாசகி, உவர்மலை

பழகலாம். எலும்புத் தேய்வு, தலைச்சுற்று, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கோணேசர் கோயில் ஏற்றத்தை இடையில் நிற்காமல் நடக்க முடிகிற கால்களுக்கு முதல் வகுப்பு பாரமாக இராது.

இங்கே மூன்று கிழமை, தினமும் பத்து நிமிடம் போதும். கதிரையின் முதுகைப் பிடித்து, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, குனிந்து பார்த்தால் கால்விரல்களை முழங்கால் மறைக்கும் அளவுக்கு மடக்குங்கள். முப்பது வினாடி நில்லுங்கள்; ஐந்து தடவை. பிறகு ஒற்றைக் காலில் இருபது வினாடி, மற்றக் காலில் இருபது வினாடி.

அடுத்தது விழப் பழகுவது. பலர் இதை விட்டுவிட்டே பனிக்குப் போகிறார்கள், அதுதான் கை முறிவதற்குக் காரணம். மெத்தை ஒன்றை நிலத்தில் போடுங்கள். முழங்காலை நன்றாக மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தொடையும் இடுப்பின் பக்கவாட்டுச் சதையும் படும்படி இருங்கள். கைகள் நெஞ்சோடு, விரல்கள் பொத்தியபடி. நாடி நெஞ்சை நோக்கி. வழுக்கியவுடன் கையைப் பின்னால் ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பாக வரும் செயல். முழு உடம்பின் பாரமும் மணிக்கட்டில் இறங்குவது அப்போதுதான். பக்கவாட்டில் விழுவது பழக்கமானால் கை தானாக உள்ளே வரும். எழும்புவதற்கு: முதலில் நாலு காலில் வாருங்கள், ஒரு பாதத்தை முன்னே ஊன்றுங்கள், அந்த முழங்காலின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தி எழும்புங்கள். தரையில் கையூன்றி எழும்ப முயன்றால் பனியில் கை வழுக்கும்.

அங்கே போனதும் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பென்று கேட்டுப் பதியுங்கள். பிள்ளைகளின் வகுப்பில் கால் நீட்டி நின்று வெட்கப்படத் தேவையில்லை. மணிக்கட்டுக் காப்பு, ஹெல்மெற், மெல்லிய கையுறை மூன்றும் வேண்டும். சால்வை, துப்பட்டா, தரையைத் தொடும் காற்சட்டை எதுவும் வேண்டாம். சப்பாத்தின் அடியிலுள்ள அலகில் (பனியில் வழுக்கும் உலோகத் தகட்டில்) சிக்கினால் நிச்சயம் விழுவீர்கள்.

முதல் மணித்தியாலத்தில் சுவரைப் பிடித்தபடி முழு நேரத்தையும் கழித்துவிடாதீர்கள். கை சுவரில் இருக்கும்வரை பாரம் காலுக்கு வராது. சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, பாதங்களைச் சற்று வெளிப்புறம் திருப்பி, சின்னச் சின்ன அடியாகத் தூக்கி வையுங்கள். நாலு அடி வைத்ததும் நிறுத்தி, இரண்டு காலிலும் சும்மா வழுக்க விடுங்கள். பார்வை முன்னால் போகட்டும். பாதத்தைப் பார்த்தால் தலை முன்னால் தொங்கும், உடம்பும் அதன் பின்னால் போகும்.

பேரனின் வீடியோ வந்தது. ஆறு வயது. பனியில் நிற்கும்போது இரண்டு கணுக்காலும் உட்பக்கமாக மடிகின்றன. காலில் பலமில்லையோ என்று பயமாக இருக்கிறது. – அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாத்தா

பயப்படாதீர்கள். பெரும்பாலும் கணுக்கால் மடிவதற்குக் காரணம் சப்பாத்துத்தான். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, இடைவெளிக்குத் தடித்த மேசு இரண்டைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே கால் ஆடுகிறது, மேலே சப்பாத்து ஒரு பக்கம் சாய்கிறது. பள்ளிக்கூடச் சப்பாத்தில் இந்த யோசனை சரி. இதில் ஆபத்து.

மருமகளிடம் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். நாடாவை முழுவதும் தளர்த்தி, மெல்லிய மேசு ஒன்றோடு காலை விட்டு, பெருவிரல் முன்சுவரைத் தொடும்வரை தள்ள வேண்டும். அப்போது குதிக்காலுக்குப் பின்னால் பெரியவரின் ஒரு விரல் நுழையலாம். இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. பிறகு குதிக்காலைப் பின்னால் தட்டிப் பொருத்தி நாடாவைக் கட்ட வேண்டும். விரல்களின் மேல் தளர்வாக, பாதம் வளைந்து கணுக்காலாக மாறும் இடத்தில் மிக இறுக்கமாக, மேல் இரண்டு கொளுவிகளில் மறுபடி சற்றுத் தளர்வாக. மேலேயும் இறுக்கிவிட்டால் முழங்கால் முன்னால் மடியாது. கட்டிய பின் பேரன் முழங்காலை மடக்கும்போது குதிக்கால் உள்ளே மேலெழும்பக் கூடாது.

வாடகைச் சப்பாத்தென்றால் இன்னொன்றும் உண்டு. பலர் போட்டுப் போட்டுக் கணுக்கால் பகுதி துணிபோல மெத்தென்று ஆகியிருக்கும். கையால் அழுத்தினால் மடிகிற சப்பாத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அலகையும் பார்க்க வேண்டும். அதன் அடிப்பக்கம் நடுவில் குழிந்து, இருபுறமும் இரண்டு விளிம்புகளாக இருக்கும். நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால் நகத்தில் தூள் சுரண்டிவர வேண்டும். வராவிட்டால் மழுங்கியது. மழுங்கிய அலகு பக்கவாட்டில் வழுக்கும், பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லும். புதிதாக வாங்கிய சப்பாத்தையும் பெரும்பாலும் சாணை பிடித்த பிறகுதான் பாவிக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மடிந்தால், அல்லது வெறுங்காலில் நிற்கும்போதும் அப்படியே மடிந்தால், வைத்தியரிடம் காட்டட்டும்.

குடும்பத்தோடு கனடா போகிறோம். மகள் 4, மகன் 9. இருவரையும் ஒரே வகுப்பில் சேர்க்கலாமா? – தம்பலகாமம்

கனடாவில் பரவலாக இருப்பது, அந்நாட்டு ஸ்கேற்றிங் அமைப்பான ஸ்கேற் கனடாவின் 'கான்ஸ்கேற்' என்ற தொடக்கப் பயிற்சித் திட்டம். அதில் ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பிரிவுகள். ஒரு பிரிவு முடிந்தால் பரிசு நாடா (ரிபன்), மூன்றும் முடிந்தால் அந்தப் படியின் சின்னம் (பட்ஜ்). வயதுக்காக ஒருவரை மேலே ஏற்றுவதில்லை. ஆகவே உங்கள் ஒன்பது வயது மகனும் முதற்படியில்தான் தொடங்குவார். அது குறைவு என்று அவருக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள். நாலு வயது மகளுக்குச் சின்னப் பிள்ளைகளின் தொடக்க வகுப்பே நல்லது. விழுந்து எழும்புவதும் பனியில் நடப்பதுமே அவளுக்கு ஒரு பருவத்துக்குப் போதும்.

ஹெல்மெற் விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கான்ஸ்கேற்றில் ஐந்தாம் படி முடியும்வரை சி.எஸ்.ஏ. (கனடியத் தரநிர்ணய அமைப்பு) முத்திரையுள்ள ஹொக்கி ஹெல்மெற் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெற் அதற்கு ஈடாகாது: பனியில் பிள்ளை மல்லாக்காக விழும், பின்தலை மூடியிருக்க வேண்டும். உள்ளே தடித்த கம்பளித் தொப்பி போட்டால் ஹெல்மெற் ஆடும்.

எந்தச் சப்பாத்து என்ற கேள்வியும் வரும். ஃபிகர் வகையின் அலகில் முன்னால் பற்கள் உண்டு. நடப்பதுபோல விரலால் பின்னுக்குத் தள்ளினால் அந்தப் பல் பனியில் குத்தி முகம்குப்புற விழுத்தும். ஹொக்கி வகையில் பல் இல்லை, அலகின் இரு முனைகளும் வளைந்திருக்கும். அதனால் பின்னால் சாய்ந்தால் விழுவது எளிது. தொடக்கத்துக்கு இரண்டும் சரி, காலுக்குப் பொருந்துவதே முக்கியம்.

நிலாவெளியில் இன்லைன் ஸ்கேற் (ஒரே வரிசையில் சில்லு பூட்டியது) ஓடிப் பழகினால் பனியில் உதவுமா? என்னிடமுள்ள சோடி இப்போது சில்லு இறுகி ஓடமாட்டேன் என்கிறது. – வயது 19, நிலாவெளி

நிறைய உதவும். முழங்கால் மடக்கல், ஒற்றைக் காலில் பாரம், காலைப் பின்னுக்கல்ல பக்கவாட்டுக்குத் தள்ளுவது எல்லாம் அப்படியே பனிக்குப் போகும். நிறுத்துவது மட்டும் போகாது. இன்லைனில் குதிக்கால் பிறேக்கை அழுத்துகிறோம். பனியில் அலகைப் பக்கவாட்டில் சுரண்டி நிற்கிறோம். அதை அங்கே போய்ப் புதிதாகப் பழக வேண்டும். பனியில் அந்தப் பிறேக்கை நம்பிக் குதிக்காலில் சாய்ந்தால் நேரே பின்னால் விழுவீர்கள்.

சில்லு இறுகியது கடற்கரை மணலால். காற்று அள்ளி வந்து வீதியில் கொட்டும் மணல் பெயாரிங்குக்குள் (சில்லைச் சுழலவிடும் குண்டு வளையத்துக்குள்) போகிறது, உப்புக் காற்று அதைத் துருப்பிடிக்க வைக்கிறது. சில்லைக் கழற்றி இரண்டு பெயாரிங்கையும் எடுத்து, மூடி கழறும் வகையானால் கழற்றி, மண்ணெண்ணெயில் சுழற்றிக் கழுவுங்கள். துணியில் தட்டி நன்றாக உலர விட்டு, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டிப் பசையாகும். விரலால் சுற்றும்போது இன்னும் கரகரத்தால் மாற்றுங்கள். பெரும்பாலும் 608 என்ற இலக்கம் இருக்கும்: துவாரம் 8 மில்லிமீற்றர், வெளி விட்டம் 22, தடிப்பு 7. இயந்திரப் பாகங்கள் விற்கும் கடையில் இலக்கத்தைச் சொன்னால் போதும்.

சில்லின் உட்பக்கம் முதலில் தேயும். தேய்ந்ததும் இடது வலது மாற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி பூட்டுங்கள். நம் கரடுமுரடான வீதிக்கு 78ஏ முதல் 82ஏ வரையான (சில்லின் கடினத்தைக் காட்டும் இலக்கம்) மென்மையான சில்லு நல்லது. ஆனாலும் வீதியைவிட மணல் கூட்டிய சீமெந்துத் தளமே மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தில் ஓடவே வேண்டாம்.

விடுமுறைக்கு உப்புவெளி வந்திருக்கிறேன். இரண்டு வருடமாக ஸ்கேற் ஓடுகிறேன். ஸ்னோபிளவ் நிறுத்தம் (கால்விரல்களை உள்ளே திருப்பி, குதிக்கால்களை வெளியே தள்ளி நிற்பது) வரும். ஹொக்கி நிறுத்தம் (இரு அலகையும் பக்கவாட்டில் திருப்பிச் சட்டென நிற்பது) மட்டும் வரவில்லை: வளைந்து ஓடிவிடுகிறேன், இல்லாவிட்டால் தடுக்கி விழுகிறேன். – வயது 24

நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு வேறு பிழைகள்.

வளைந்து ஓடுவது, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்புவதால். தோள் போகும் திசையையே பார்த்திருக்க, இடுப்புக்குக் கீழே மட்டும் தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும். அதற்கு அலகின் மேலுள்ள பாரம் ஒரு கணம் குறைய வேண்டும். முழங்காலை மடக்கி வந்து, சற்று எழும்பி, பாரம் குறைந்த அந்தக் கணத்தில் திருப்பி, மறுபடி ஆழமாக இருங்கள். எழும்பாமல் திருப்ப முயன்றால் விளிம்பு பனியைப் பிடித்துக்கொண்டு வளைவாகவே இழுக்கும்.

தடுக்கி விழுவது, அலகை அதிகம் சரிப்பதால். திருப்பிய கணத்தில் அலகு ஏறத்தாழ நிமிர்ந்து நின்று பனியைச் சுரண்ட வேண்டும். சுரண்டத் தொடங்கிய பிறகே மெல்லச் சரிக்க வேண்டும். சுவரைப் பிடித்து நின்று ஒரு காலால் பக்கவாட்டில் பனித்தூள் தள்ளுங்கள், ஒவ்வொரு காலுக்கும் இருபது தடவை. 'சர்' என்ற சத்தம் ஒரே சீராக வர வேண்டும். பிறகு மெதுவான வேகத்தில், வசதியான பக்கம் மட்டும். மிக மெதுவாகப் போனாலும் வராது, நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூட வேண்டும்.

சாணையையும் பாருங்கள். அலகின் குழி அரை அங்குல ஆரையில் வெட்டியிருந்தால் பிடிப்பு அதிகம். எட்டில் ஐந்து அங்குலம் என்றால் குழி ஆழம் குறைவு, வழுக்கி நிற்பது எளிது. இந்த நிறுத்தம் பழகும் காலத்தில் எட்டில் ஐந்து கேட்டுப் பாருங்கள்.

அந்த ஸ்கேற்றை இங்கே கொண்டு வந்திருந்தால், பிளாஸ்ரிக் உறையோடு வைத்திருக்காதீர்கள். உள்ளே ஈரம் தேங்கும், இந்த உப்புக் காற்றில் வெகு விரைவில் துருப்பிடிக்கும். அலகையும் அது சப்பாத்தில் பூட்டிய ஆணிகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, துணி உறையில் வையுங்கள். திரும்பப் போனதும் பனியில் இறங்க முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.