பவர் மீட்டர் கேள்வி-பதில்: எண் எங்கே தவறுகிறது?

கேள்வி: பேனலில் 400/5 சி.டி. (400 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்து மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டிருக்கிறோம். மல்டி ஃபங்ஷன் மீட்டர் ஆம்பியரைக் கால்வாசிதான் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரைக் கழற்ற வேண்டாம். மீட்டரின் அமைப்பில் (செட்டிங்ஸ்) சி.டி. பிரைமரி 100 என்று இருக்கும், 400 ஆக்குங்கள். மாற்றும் நேரத்தில் இருந்த யூனிட் கணக்கையும் குறித்து வையுங்கள். அதுவரை பதிவான யூனிட்டும் கால்வாசிதான். அது தானாகச் சரியாகாது.

கேள்வி: மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சரி. மொத்தக் கிலோவாட் மட்டும் மூன்றில் ஒரு பங்கு வருகிறதே?

ஒரு சி.டி. தலைகீழாக இணைந்திருக்கிறது. ஆம்பியரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபேஸ் வாரியான கிலோவாட் பக்கத்தைத் திறங்கள், ஒன்று மைனஸில் நிற்கும். லோடு சமமாக இருந்தால் இரண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்த கணக்கு, மிஞ்சுவது மூன்றில் ஒன்று. அந்த ஃபேஸ் சி.டி.யிலிருந்து மீட்டருக்கு வரும் எஸ்1, எஸ்2 வயர்களை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றினால் போதும். மொத்தம் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் கோளாறு வேறு: இரண்டு ஃபேஸின் சி.டி. வயர்கள் இடம் மாறியிருக்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன், லோடு ஓடும்போது சி.டி. செகண்டரியை (எஸ்1, எஸ்2 பக்கம்) திறக்காதீர்கள். திறந்த முனையில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். ஷார்ட்டிங் லிங்க் (எஸ்1, எஸ்2 இரண்டையும் சேர்த்துவிடும் இணைப்பு) இல்லாத பேனல் என்றால் ஷட்டவுன் வாங்கிய பிறகே கை வையுங்கள். உற்பத்தி அவசரம் என்று யார் சொன்னாலும் சரி.

சில மாடல்களில் சி.டி. திசையை அமைப்பிலேயே திருப்பலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் வயரிங் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவார்.

கேள்வி: மீட்டர் திரையில் 230 வோல்ட். மாட்பஸில் (மீட்டர் எண்களைக் கம்ப்யூட்டர் படிக்கும் தொடர்பு முறை) படித்தால் 17254, 0 என்று இரண்டு எண்கள் வருகின்றன.

இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 230. 32 பிட் ஃப்ளோட் (தசம எண்) மதிப்பு, 16 பிட் கொள்ளும் இரண்டு ரெஜிஸ்டர்களில் (மீட்டர் எண்களை வைக்கும் இடங்கள்) இருக்கும். சாஃப்ட்வேரில் டேட்டா டைப்பை ஃப்ளோட் ஆக்குங்கள். அப்போதும் பூஜ்யம் மாதிரி வந்தால் வேர்டு வரிசையை, அதாவது எந்த ரெஜிஸ்டர் முதலில் என்பதை, திருப்புங்கள். சம்பந்தமே இல்லாத எண் வந்தால் முகவரி ஒன்று தள்ளியிருக்கலாம்: மேனுவலில் 40001 என்றிருப்பதைப் பல சாஃப்ட்வேர்களில் 0 என்று கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 9 வருகிறது. மேனுவலில் ஒன்பதாம் எண் அலாரமே இல்லையே?

9 அலாரம் எண் அல்ல. பிட்டாகப் பிரித்தால் 8 + 1, அதாவது பிட் 3, பிட் 0 இரண்டும் ஆன். அந்த இரண்டு பிட்டுக்கும் உரிய விளக்கத்தை மேனுவலில் பாருங்கள். மேனுவல் பிட்டை 0-இலிருந்து எண்ணுகிறதா, 1-இலிருந்தா என்பதையும் கவனியுங்கள். அப்புறம், மீட்டரோடு தொடர்பு அறுந்தாலும் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும் ஸ்கேடா (கம்ப்யூட்டர் கண்காணிப்பு) திரைகள் உண்டு. தொடர்பு இருக்கிறதா என்பதற்கும் திரையில் ஓர் அடையாளம் வையுங்கள்.

கேள்வி: ஒரே கேபிளில் பல மீட்டர்கள். இரண்டு மட்டும் மாறி மாறி விடுபடுகின்றன.

முதலில் இரண்டுக்கும் ஒரே ஸ்லேவ் ஐ.டி. (மாட்பஸில் மீட்டரின் அடையாள எண்) இருக்கிறதா பாருங்கள். 1 முதல் 247 வரை எது வேண்டுமானாலும் வைக்கலாம், ஒன்று போல் இன்னொன்று இருக்கக் கூடாது. ஐ.டி. சரி என்றால் பாட் ரேட் (தொடர்பு வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) பாருங்கள். அதுவும் சரி என்றால் கேபிள்: ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு வரிசையாகப் போக வேண்டும், நடுவில் நீளமான கிளை கூடாது. 120 ஓம் ரெசிஸ்டர் இரு கோடிகளில் மட்டும்.